கடைசிக் கட்டத்தில் விழுந்த முத்திரை

1

என் தங்கை துஷா கட்டுரைக்கு ‘ஒன்று’ வாங்கி வந்திருக்கிறாள். இங்கே ஜெர்மனியில் ஒன்றுதான் ஆகச் சிறந்த புள்ளி, ஆறு என்றால் அழவேண்டும். தலைப்பு, ‘என் கோடை விடுமுறையில் நடந்த வேடிக்கையான சம்பவம்’. ஆசிரியை ஓரத்தில் சிவப்பு மையால் ஒரு சிரிக்கும் முகம் வேறு கீறிவிட்டிருக்கிறார்.

துஷாவுக்குப் பதினொரு வயது. கட்டுரை டொச் மொழியில்தான். அம்மா தமிழில் சொல்லச் சொன்னபோது முதல் வசனத்திலேயே தடக்கி நின்றாள். பிறகு, “அக்கா, நீ சொல்லு” என்று கொப்பியை என் மடியில் போட்டுவிட்டுத் தொலைக்காட்சிக்கு முன்னால் போய் இருந்துவிட்டாள். நான் வசனம் வசனமாகச் சொன்னேன். அம்மா கடைசிவரை கேட்டார். கேட்டு முடித்ததும் எழுந்து குசினிக்குள் போனார்.

அந்தக் கட்டுரையில் ஒரு பொய்கூட இல்லை. அதுதான் எனக்கு எரிச்சல். நாங்கள் ஒரு பழைய தங்கச் சுரங்க ஊருக்குப் போனது உண்மை. அங்கே அப்பா நீட்டக்கூடாத பத்திரத்தை நீட்டியது உண்மை. எல்லோரும் சிரித்ததும் உண்மை. சிரித்தவர்களில் தானும் ஒருத்தி என்பதைத் துஷா மறைக்கவில்லை. ஆனாலும் வாசித்து முடித்தபோது, அது எங்கள் வீட்டில் நடந்த விஷயம் போலவே எனக்குப் படவில்லை. ஆகவே, ஊரில் இருந்து இதை வாசிக்கிறவர்களுக்காக நான் என் பங்குக்கு எழுதுகிறேன். எனக்கு யாரும் புள்ளி போடத் தேவையில்லை.

2

நாங்கள் டோர்ட்மண்டில் இருக்கிறோம். அப்பா வந்து எட்டு வருடம். அம்மாவும் நானும் துஷாவும் பின்னால் வந்து ஆறு வருடம். அப்பாவுக்கு ஓர் உணவகத்துக் குசினியில் வேலை. நான் அடுத்த வருடம் உயர்தரப் பரீட்சை எழுதவேண்டும். எங்கள் அகதி வழக்கு இன்னும் முடியவில்லை. முடியும்வரை எங்களிடம் இருப்பது ஆளுக்கொரு மடிப்புக் கடதாசி. ஒரு பக்கத்தில் புகைப்படமும் பெயரும், மறுபக்கத்தில் சின்னச் சின்னக் கட்டங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வெளிநாட்டவர் அலுவலகத்துக்குப் போய் ஒரு கட்டத்தில் நீடிப்பு முத்திரை குத்திக்கொண்டு வரவேண்டும். எங்கள் ஆட்கள் அந்த அலுவலகத்தை ‘ஆம்ற்’ என்பார்கள். அங்கே வரச்சொல்லித் தரும் நாளை ‘டெர்மின்’ என்பார்கள். பிள்ளைகள் அம்மா, அப்பாவுக்கு அடுத்ததாக இந்த இரண்டு சொற்களையும்தான் பழகுகிறார்கள் என்று நான் ஒருமுறை பகிடி விட்டேன். அப்பாவுக்குப் பிடிக்கவில்லை.

அந்தக் கடதாசியை வைத்துக்கொண்டு நகர எல்லையைத் தாண்ட முடியாது. தாண்டுவதென்றால் விண்ணப்பம் எழுதவேண்டும். எங்கே போகிறீர்கள், எத்தனை நாள், என்ன நோக்கம். இவ்வளவு காலமும் எங்கள் நோக்கங்கள் மூன்றுதான்: கலியாணம், சாமத்தியவீடு, ஊன்ட்றொப் அம்மன் கோயில் தேர். இவைதான் எங்கள் சுற்றுலா. வாடகை மண்டபத்தில் பிளாஸ்டிக் கதிரையில் இருந்து, யார் என்ன சேலை என்று பார்த்து, வீடியோக்காரரின் வெளிச்சத்துக்குக் கண்ணைக் கூசி, சாப்பிட்டுவிட்டு ரயிலுக்கு ஓடுவது.

என் வகுப்புக்காரர்கள் கோடை முடிந்து வெயிலில் கறுத்து வந்து, நீ எங்கே போனாய் என்று கேட்பார்கள். நான் போகாமலே கறுப்பு என்று சொல்லிச் சிரிக்கவைத்துத் தப்பிவிடுவேன். துஷாவுக்கு அந்தச் சமாளிப்பு வரவில்லை. போன வருடம் இத்தாலிக்குப் போனதாக அவள் வகுப்பில் சொல்லியிருக்கிறாள். பெற்றோர் சந்திப்பில் ஆசிரியை அம்மாவிடம் இத்தாலி எப்படி இருந்தது என்று கேட்டார். அம்மாவுக்குக் கேள்வி விளங்கவில்லை. “குட், குட்” என்று தலையாட்டிவிட்டு வந்தார்.

அன்றிலிருந்து எனக்கு ஒரே வெறி. இந்தக் கோடையில் நாங்கள் போகவேண்டும், யாருடைய கலியாணத்துக்கும் அல்லாமல் சும்மா போகவேண்டும். நூலகத்தில் ஒரு துண்டுப்பிரசுரம் அகப்பட்டது. ஹெஸ்ஸன் மாநிலத்து மலைக்குள் ஒரு சின்ன ஊர். பல நூறு வருடங்களுக்கு முன் அங்கே தங்கம் இருக்கிறதென்று கேள்விப்பட்டு நாலா பக்கத்திலிருந்தும் ஆட்கள் வந்து குவிந்தார்களாம். தங்கம் தீர்ந்தது, ஆட்களும் போய்விட்டார்கள். மரச்சட்டம் வைத்துக் கட்டிய அவர்களுடைய வீடுகளை மட்டும் அப்படியே பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். பழைய உடுப்புப் போட்டவர்கள் கொல்லராகவும் கடைக்காரராகவும் அதிகாரியாகவும் நடிப்பார்கள். பார்க்க வருகிறவர்கள் தாங்களே மணல் அரித்துத் தங்கம் தேடலாம். வாரக்கடைசிச் சீட்டு ஒன்றை எடுத்தால் ஐந்து பேர்வரை மெதுவான ரயில்களில் போய்வரலாம். தங்குவதற்கு இளைஞர் விடுதியில் குடும்ப அறை இருந்தது. நான் ஒரே மாலையில் எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிட்டேன்.

விண்ணப்பத்தில் நோக்கம் என்ற இடத்தில் ‘விடுமுறை’ என்று எழுதினேன். ஆம்ற்றில் இருந்த பெண்மணி அதைப் பார்த்துவிட்டு, எதிலிருந்து விடுமுறை என்று கேட்டார். கிண்டலாகக் கேட்டிருந்தால் திருப்பிச் சொல்லியிருப்பேன். அவருக்கு உண்மையிலேயே விளங்கவில்லை. நான் அதை வெட்டிவிட்டு ‘நூதனசாலை பார்த்தல்’ என்று எழுதினேன். மூன்று கிழமையில் அனுமதி வந்தது. இரண்டு நாள், அந்த ஒரு மாவட்டம் மட்டும்.

3

நான்கு ரயில், ஒரு பஸ், வழி முழுக்க மழை. அம்மா ரைஸ் குக்கரைப் பெரிய துவாயில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வந்தார். நான் ஒவ்வொரு ரயில் மாறும்போதும் அதற்காகச் சண்டை பிடித்தேன். விடுதியில் மாலை ஆறு மணிக்கே குளிர்ந்த பாணும் சீஸும் வைத்தார்கள். நான் அறைக்குப் போய் அம்மா அவித்த சோற்றில் இரண்டு முறை போட்டுச் சாப்பிட்டேன். அறையில் சமைக்கக்கூடாது என்று கதவில் எழுதி இருந்ததை அவருக்கு மொழிபெயர்க்கவில்லை.

சாப்பாட்டுக்குப் பிறகும் நல்ல வெளிச்சம் இருந்தது, மழையும் விட்டிருந்தது. விடுதிக்குப் பின்னால் காட்டுக்குள் ஒரு நடைபாதை. துஷா முன்னுக்கு ஓடினாள். பத்து நிமிடம் நடந்திருப்போம், ஒரு மரப்பலகையில் அடுத்த ஊரின் பெயரும் மூன்று கிலோமீற்றர் என்றும் எழுதியிருந்தது. அப்பா அதற்கு முன்னால் நின்றுவிட்டார்.

“அந்த ஊர் எந்த மாவட்டம்?”

எனக்கு எப்படித் தெரியும். காட்டுக்குள் யார் வந்து பார்க்கப்போகிறார்கள், மரமா பார்க்கும் என்று கேட்டேன்.

“மரம் பாக்காது பிள்ளை. ஆனா நான் கையெழுத்து வச்சுக் குடுத்திருக்கிறன்.”

திரும்பிவிட்டோம். துஷா வழியெல்லாம் டொச்சில் முணுமுணுத்துக்கொண்டு வந்தாள். அம்மாவுக்கு விளங்காது என்று நினைத்து அவள் சொன்னவை சில அம்மாவுக்கு விளங்கிவிட்டன. அப்பா மட்டும் நிம்மதியாக நடந்தார். சேர்ட்டுப் பையில் பிளாஸ்டிக் உறை, உறைக்குள் எங்கள் நான்கு பேரின் கடதாசிகளும் அனுமதிச் சீட்டும். நடக்கும்போது அவர் கை அடிக்கடி அந்தப் பையைத் தொட்டுப் பார்க்கும். கண்ணாடி போடுகிறவர்கள் மூக்கைத் தொடுவது போல, அவருக்கே தெரியாமல்.

4

அடுத்த நாள் காலையில் அந்த ஊருக்குள் போனோம். வடிவான ஊர்தான், இல்லையென்று சொல்லமாட்டேன். கல் பாவிய ஒரே தெரு, கறுப்பு மரமும் வெள்ளைச் சுவருமாக இருபது வீடுகள், முடிவில் மலைக்குள் இறங்கும் சுரங்க வாசல். வாசலில் ஆளுக்கொரு மஞ்சள் அட்டை தந்தார்கள். அதில் பெயரை எழுதி, சுரங்கக் கந்தோர் என்று எழுதியிருந்த வீட்டுக்குக் கொண்டுபோனால் அங்கே இருக்கிற அதிகாரி முத்திரை குத்துவார். அதற்குப் பிறகு மணல் அரிக்கலாம். இது விளையாட்டு. சின்னப் பிள்ளைகள்கூட விளங்கிக்கொண்டு அட்டையோடு ஓடினார்கள்.

நான் நான்கு அட்டையிலும் பெயர் எழுதினேன். எழுதி, என் ஜக்கெற் பைக்குள் வைத்தேன். தண்ணீர்த் தொட்டியடியில் ஆட்கள் நிறைவதைப் பார்த்ததும் எனக்கு அவசரம் வந்துவிட்டது. “அப்பா, நீங்கள் அந்தக் கந்தோரில நிண்டு முத்திரை எடுங்கோ, நாங்கள் தொட்டியில இடம் பிடிக்கிறம்” என்று சொல்லிவிட்டு ஓடினேன். அட்டைகள் என் பைக்குள்ளேயே இருந்தன. அது விளையாட்டு என்றும் நான் அப்பாவுக்குச் சொல்லவில்லை. சொல்லவேண்டும் என்று தோன்றவே இல்லை.

தொட்டியில் துஷா முதல் சட்டி மணலிலேயே மினுங்கல் ஒன்றை எடுத்துவிட்டாள். மேற்பார்வை பார்த்த டொச்சுப் பெண் கைதட்டினார். அம்மா அதை வாங்கித் தொட்டி விளிம்புக் கல்லில் ஓர் உரசு உரசி, வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்துவிட்டு, “இது தங்கமில்லை எண்டு சொல்லு” என்றார். அந்தப் பெண் சிரிப்பை நிறுத்திவிட்டு, உண்மைதான், பிள்ளைகளுக்காக வேறு கனிமம் கலந்திருக்கிறோம் என்று மெதுவாகச் சொன்னார். அம்மாவின் சீதனக் காப்புகள் எல்லாம் எங்களை இங்கே கொண்டுவந்த ஏஜென்சிக்காரரிடம் போனவை. தங்கத்தில் அவரை யாரும் ஏமாற்ற ஏலாது.

அப்போதுதான் கந்தோர்ப் பக்கம் பெரிய சிரிப்புக் கேட்டது. துஷா ஓடினாள். நான் ஈரக் கையோடு பின்னால் போனேன்.

உள்ளே நடந்ததை வரிசையில் நின்ற ஒரு கிழவர் பிறகு எனக்கு ரசித்து ரசித்துச் சொன்னார். உயரமான மேசைக்குப் பின்னால் பித்தளைப் பொத்தான் வைத்த கறுப்புச் சீருடையில் அதிகாரி இருந்தாராம். அப்பாவின் முறை வந்ததும் மேசையில் அடித்து, “பப்பீறெ!” என்று உறுமினாராம். பத்திரங்கள் எங்கே என்று அர்த்தம். எல்லோரிடமும் அப்படித்தான் உறுமினார், அதுதான் அவருடைய வேஷம். அப்பா பையிலிருந்து உறையை எடுத்தார், உறையிலிருந்து தன் கடதாசியை எடுத்தார், மடிப்பைப் பிரித்து இரண்டு கையாலும் மேசையில் வைத்தார். எந்த நாடு என்று உறுமல். சிறீலங்கா என்றார் அப்பா. எவ்வளவு காலம் இங்கே நிற்க உத்தேசம் என்று அடுத்த உறுமல். அதற்கு அப்பா, ஆறு மாதத்துக்கு ஒருமுறை தான் சொல்லிப் பழகிய வசனத்தைச் சொன்னார்: தயவுசெய்து நீடித்துத் தாருங்கள். வரிசை முழுவதும் விழுந்து விழுந்து சிரித்தது. இவ்வளவு நன்றாக நடிக்கிற ஒரு பார்வையாளரை அவர்கள் கண்டதில்லை. அதிகாரியும் சிரித்துக்கொண்டே முத்திரையைத் தூக்கினார்.

நான் வாசலுக்கு வரும்போது முத்திரை இறங்கிவிட்டது.

குறுக்காக வைத்த சுத்தியலும் பாறை கொத்தும் பிக்கானும், சுற்றிவரப் பழைய எழுத்தில் ‘தங்கம் தேட அனுமதிக்கப்பட்டவர்’, கீழே ‘காலவரையறை இல்லை’. நீல மை. அப்பாவின் கடதாசியில் மிச்சமாய் இருந்த ஒரேயொரு கட்டத்துக்குள், விளிம்பில் படாமல், மிக நேர்த்தியாக விழுந்திருந்தது. பத்து நாளில் அப்பாவுக்கு டெர்மின். அந்தக் கட்டத்தில்தான் நீடிப்பு விழவேண்டும்.

நான் டொச்சில் கத்தினேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை. சிரிப்பு நின்றது. அதிகாரி தொப்பியைக் கழற்றினார். தொப்பிக்குக் கீழே என் வயதுப் பெடியன் ஒருவன், விடுமுறை வேலைக்கு வந்த மாணவன், முகம் வெளிறிப்போய் இருந்தான். அவரும் சேர்ந்து விளையாடுகிறார் என்று நினைத்தேன் என்றான். அதையே மூன்று முறை சொன்னான்.

அப்பா என்னைப் பார்த்தார். “என்னவாம்?”

சொன்னேன்.

“அவர் கேட்டவர், நான் குடுத்தனான். இதில விளையாட்டு எங்க?”

துஷா கதவடியில் நின்று இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அடிக்கக் கை ஓங்கிவிட்டேன். பின்னால் வந்த அம்மா பிடித்துக்கொண்டார்.

5

பிறகு வந்த பத்து நாளும் எங்கள் வீட்டில் அந்தக் கட்டத்தைத் தவிர வேறு கதை இல்லை. அரச பத்திரத்தில் மாற்றம் செய்தால் குற்றம் என்று அதன் அடியிலேயே அச்சடித்திருக்கிறது. அந்த வரியை நான்தான் முன்பொருநாள் அப்பாவுக்கு வாசித்து விளங்கப்படுத்தினேன். கெட்டித்தனம். இப்போது அவர் அதைத் திருப்பித் திருப்பிக் கேட்டார். கள்ளப் பத்திரம் என்று எழுதிவிட்டால் எட்டு வருட வழக்கும் அதோடு சரி, நான்கு பேரும் பெட்டி கட்டவேண்டியதுதான்.

அம்மா நல்ல அழிறப்பர் ஒன்றால் மெதுவாகத் தேய்த்துப் பார்க்கலாம் என்றார். அப்பா கடதாசியை எடுத்துத் தன் தலையணை உறைக்குள் வைத்துக்கொண்டார். மேல்மாடியில் இருக்கும் செல்வா அண்ணை எல்லோருடைய வழக்கும் தெரிந்தவர். வந்து தேத்தண்ணி குடித்துவிட்டு, துலைஞ்சு போச்செண்டு பொலிசில எழுதிக் குடுங்கோ, புதுசு தருவாங்கள் என்றார். அப்பா மாட்டேன் என்றுவிட்டார். இருக்கிற பொருளை இல்லையென்று சொன்னால் அடுத்தமுறை இருக்கிறதென்று சொல்லும்போதும் நம்பமாட்டார்களாம். செல்வா அண்ணை என் பக்கம் திரும்பி, “இப்பிடி நேர்மையான மனிசனைக் கூட்டிக்கொண்டு ஏன் பிள்ளை தங்கம் கிண்டப் போனனீங்கள்?” என்று கேட்டார். பகிடிக்குத்தான் கேட்டார்.

நான் என் பிழையை என் வழியில் சரிசெய்யப் பார்த்தேன். அந்த நூதனசாலைக்கு ஒவ்வொரு நாளும் தொலைபேசி எடுத்தேன். அது பார்வையாளர்களுக்கான விளையாட்டு முத்திரை மட்டுமே, தவறு எங்கள் ஊழியருடையது என்று கடிதம் தரச்சொன்னேன். டெர்மினுக்கு முதல்நாள் தபாலில் வந்தது. நல்ல கடிதம், மிக மரியாதையாக மன்னிப்புக் கேட்டிருந்தார்கள். கீழே நிர்வாகியின் கையெழுத்து. கையெழுத்துக்குப் பக்கத்தில், உத்தியோகபூர்வமாக, சுத்தியலும் பிக்கானும் போட்ட அதே முத்திரை.

அப்பா கடிதத்தையும் கடதாசியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

“இதை வச்சோ அது பொய்யெண்டு காட்டப்போறாய்?” என்றார்.

6

டெர்மின். அறையில் அதே பெண்மணி, யன்னலில் அதே பூச்சட்டிகள். அப்பா கடதாசியை இரண்டு கையாலும் வைத்தார். அந்தப் பெண்மணி பிரித்தார், கட்டத்தைப் பார்த்தார், கடிதத்தைப் படித்தார், கடிதத்தின் முத்திரையைப் பார்த்தார், திரும்பக் கட்டத்தைப் பார்த்தார். எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு பக்கத்து அறைக்குப் போனார். இருபது நிமிடம். இடையில் ஓர் ஆண் அதிகாரி கதவைத் திறந்து, அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டு மூடினார்.

திரும்பி வந்த பெண்மணி என்னிடம் ஒரேயொரு கேள்வி கேட்டார். உங்கள் தந்தையார் இதை ஏன் அங்கே கொடுத்தார்?

என்னிடம் ஒரு பக்கப் பதில் மனப்பாடமாக இருந்தது. நான் வாய் திறக்க முதல் அப்பா தன் உடைந்த டொச்சில் சொல்லிவிட்டார். சீருடை மனிதர். பத்திரம் என்றார். நான் கொடுத்தேன். எப்பவும் கொடுக்கிறேன்.

அந்தப் பெண்மணி விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்தார். பிறகு தட்டச்சுச் செய்யத் தொடங்கினார். கள்ளம் என்று எழுதவில்லை. புதுக் கடதாசி வந்தது, எல்லாக் கட்டமும் வெறுமையாக. முதல் கட்டத்தில் முத்திரை குத்தினார். வழக்கமான ஆறு மாதம் இல்லை, மூன்று மாதம். விஷயம் கோப்பில் தெளிவுபடுத்தப்படும்வரை என்றார். என்ன தெளிவு, யார் படுத்துவது என்று கேட்க எனக்கு நாக்கு துடித்தது. அப்பா என் கையைத் தட்டினார்.

பழைய கடதாசியின் மூலையைக் கத்தரிக்கோலால் வெட்டி அவர் கோப்புக்குள் வைக்கப்போனார். அப்போது அப்பா என்னிடம் தமிழில், “அந்தப் பழசை எனக்குத் தர ஏலுமோ எண்டு கேள்” என்றார். நான் வந்த ஆறு வருடத்தில் அப்பா அந்த அறையில் நீடிப்பைத் தவிர வேறெதையும் கேட்டு நான் கண்டதில்லை. கேட்டேன். ஏலாது, அது கோப்பில் இருக்கவேண்டியது என்றார். பிறகு பேனையைக் கையில் வைத்தபடி, அவருக்கு அது எதற்கு என்று கேட்டார்.

“எட்டு வருசத்தில நான் நீடிச்சுத் தாங்கோ எண்டு கேட்டவுடன குத்தினது அந்த ஆள் ஒருத்தர்தான். அதுதான் கேக்கிறன் எண்டு சொல்லு, பிள்ளை.”

எனக்கு டொச்சில் அதை ஒரு மூச்சில் சொல்லத் தெரியும். சொல்லவேண்டிய வினைச்சொல்கூட வாய்க்குள் வந்துவிட்டது. ஆனால் அந்தப் பேனையைப் பார்த்தேன், திறந்திருந்த கோப்பைப் பார்த்தேன், மூன்று மாதத்தை நினைத்தேன்.

“அப்பா உங்களுக்கு டாங்க சொல்கிறார்” என்று நன்றியை மட்டும் சொன்னேன்.

அவர் சிரித்தார். கோப்பை மூடினார். அப்பா புதுக் கடதாசியை மடித்து உறைக்குள் வைத்து, உறையைச் சேர்ட்டுப் பைக்குள் வைத்து, ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டு எழுந்தார். வீடு வரும்வரை ட்ராமில் யன்னல் பக்கமாகவே பார்த்துக்கொண்டு வந்தார்.

துஷா அன்று எங்களோடு வரவில்லை, விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் தொடங்கியிருந்தது. ஆகவே இது அவளுடைய கட்டுரையில் இல்லை. அப்பாவுக்கு டொச்சில் அதிகம் சொற்கள் தெரியாது. டாங்க என்ற சொல் மட்டும் வந்த முதல் நாளிலிருந்தே தெரியும்.